சங்கத்து வக்கீல்

பெற்ற பிள்ளையைப் பெல்ட்டால் விளாசியவன் அவன். பிள்ளையை மீட்டு விடுதியில் சேர்த்த சமூகப் பணியாளர் என் மனைவி. அவள் மேலேயே வழக்குப் போட்டான். தோற்றால் அவள் வேலை போகும். பிள்ளை மறுபடி அவனிடம் போகும்.

அவளுக்கு வக்கீல் வைத்தது அவளுடைய சங்கம். இன்று அவளோடு சங்க அலுவலகத்துக்குப் போனால், செயலாளரோடு கைகுலுக்கிவிட்டு அவனே வெளியே வருகிறான்!

“பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழனா சார்?” என்று பாய்ந்தேன். மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“பிள்ளைய அடிச்சதுக்கு அவர் மேலயும் கேஸ் இருக்கு. வக்கீல் கேட்டு வந்தாரு” என்றார் செயலாளர்.

“விரட்ட வேண்டியதுதானே?”

“எப்படி? அவரும் சமூகப் பணியாளர். நம்ம சங்கத்து ஆளு.”

“அதுக்காக?”

“தப்பா சரியான்னு பாக்காம எல்லா உறுப்பினருக்கும் வக்கீல் வைக்கணும்னு தீர்மானம் இருக்கே.”

“எந்த முட்டாள் கொண்டுவந்தான் அதை?”

செயலாளர் என் மனைவியைப் பார்த்தார்.

“நான்தாங்க” என்றாள்.