வேறு நீலம்

லாரியை விற்றபோது சென்னியப்பன் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். லாரியின் நெற்றியில் வெள்ளையில் எழுதியிருந்த, செத்துப்போன மகள் தேன்மொழியின் பெயரை அழித்துவிடக் கூடாது. வாங்கியவரும் தலையாட்டினார்.

இரண்டு வருஷம் கழித்து சென்னியப்பன் அதே நீல லாரியை ஒரு சாண் நீளப் பொம்மையாகச் செய்து முடித்தார். பெயர்தான் பாக்கி. வீட்டுப் பிரிண்டருக்கு வெள்ளை அடிக்க வராது. அதனால் நனைத்தால் படலமாகக் கழன்று வரும் வெள்ளை ஸ்டிக்கர் தாளில் சுற்றிலும் நீலம் அடித்து, எழுத்துகளின் இடத்தை மட்டும் வெறுமனே விட்டார். தண்ணீரில் ஊறவைத்து, தாளிலிருந்து வழுக்கி எடுத்து ஒட்டினால், அந்த நீலம் லாரியின் நீலத்தோடு சேரவில்லை.

“ஆறு தடவ அடிச்சு ஒட்டியாச்சு. ஒட்டுப் போட்டாப்பல தனியாத் தெரியுது பாரு.”

மனைவி ருக்மணி பொம்மை லாரியைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

“தெரிஞ்சுட்டுப் போகட்டுமுங்க. போன மாசம் நம்ம வண்டிய ரோட்டுல பாத்தேன். அவ பேரு இருந்த எடமும் இப்பிடித்தான், வேற நீலமா இருந்துச்சு.”

சென்னியப்பன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“பெயின்டுக்கு அடியில எழுத்து மங்கலாவாச்சும் தெரிஞ்சுதா?”

ருக்மணி தண்ணீர்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவதாக அடித்து ஊறப்போட்டிருந்த பெயர் தாளை விட்டுக் கழன்று, தண்ணீரில் தானாக மிதக்கத் தொடங்கியிருந்தது.