தீப்பிடித்த பிறகு எத்தனை செகண்ட்

திரையில் கவச வண்டி தீப்பிடித்தது. மூன்றாவது செகண்டில் வெடித்துச் சிதறியது.

"இது என்ன வண்டியா, தீப்பெட்டியா?" என்றார் ஆலோசகர்.

மேனேஜருக்கு அந்த மூன்றே அதிகம். சுடுகிற வீடியோ கேம் ஆடுகிறவன் வெடிப்பதைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறான், காத்திருக்க ஆசைப்பட்டால் பஸ் ஸ்டாப்புக்குப் போயிருப்பானே என்றார்.

வண்டியை வரைந்தவள் கீபோர்டில் விரலை வைத்துக் காத்திருந்தாள்.

இன்னும் நூறு வருஷம் கழித்து ஓடப்போகிற வண்டி அது. எட்டுச் சக்கரம், ஓட்டை விழுந்தால் தானே மூடிக்கொள்ளும் தகடு, ஆள் இல்லாமலே சுடும் பீரங்கி. எல்லாம் அவள் இஷ்டம், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீப்பிடித்ததிலிருந்து வெடிக்கும்வரை எத்தனை செகண்ட் என்பதை மட்டும், விஷயம் தெரிந்தவரைக் கேட்டுத்தான் போடுவேன் என்று ஒரு மாதமாக ஒற்றைக் காலில் நின்றாள்.

அப்படி வந்தவர்தான் ஆலோசகர். பட்டாளத்தில் பதினாறு வருஷம் கவச வண்டி ஓட்டியவர். அதில் ஒரு வண்டி எரிந்தும் இருக்கிறது. இந்தத் தகுதி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

மூன்று என்று முதலில் போட்டுவைத்ததும் அவளேதான். அடிமாட்டு விலைக்குக் கேட்டால் விற்கிறவருக்கு ரோஷம் வரும். ரோஷம் வந்தால் உள்ளதைச் சொல்லிவிடுவார்.

வந்தது. ஆலோசகர் மேசையிலிருந்த டம்ளர்களை இழுத்து வைத்து, இது டீசல் டாங்கி, இது குண்டுப்பெட்டி, நடுவில் இவ்வளவு கனத்துக்கு இரும்பு, தீ அதைத் தாண்ட வேண்டாமா என்று பாடம் எடுத்தார்.

மேனேஜர் ஐந்து என்றார். ஆலோசகர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேவிட்டார். மேனேஜர் எட்டுக்கு ஏறினார். அப்புறம் பத்து, அதற்குமேல் கட்டாது என்று கையை விரித்தார்.

"நாப்பது சார். வாய்க்கால்ல படுத்துக்கிட்டு நானே எண்ணினேன். ஒண்ணுகூடக் குறையாது."

அவள் நாற்பது என்று அடித்தாள். அதற்குள் ஒரு டீயே குடித்துவிடலாமே என்று முணுமுணுத்தார் மேனேஜர்.

பின்கதவை உள்ளே இருப்பவர்கள் திறக்க முடியாதா என்று கேட்டாள்.

முடியாது என்றார் ஆலோசகர், ஜெயித்த முகத்தோடு. அதற்கு நெம்புகோல் டிரைவர் சீட்டுக்கு இடப்பக்கம் இருக்கும். பிடித்து இழுத்தால் ரெண்டே செகண்டில் கதவு விழும், பச்சைப்பிள்ளைகூட இழுக்கலாம்.

இரண்டு என்று அடித்தாள்.

ஆலோசகராக இந்த மனுஷனையே கூப்பிடுங்கள் என்று மேனேஜர் காதில் போட்டவளும் அவள்தான். ஏன் இவர் என்று அவர் கேட்கவில்லை.

அவளுடைய அண்ணன் போனபோது அவளுக்குப் பதினான்கு வயது. எரிந்த வண்டியின் பின்பக்கம் ஆறு பேர், அவன் மூன்றாவது இருக்கை. டிரைவர் விசாரணையில் எழுதிக்கொடுத்ததன் நகல் வீட்டுக்கு வந்தது. தீப்பிடித்தவுடன் வெடித்துவிட்டது, கதவைத் திறக்க அவகாசமே இருக்கவில்லை.

பிள்ளை வலி தெரியாமல் போயிருக்கிறான் என்று அம்மா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அவள் வண்டியைத் திரையில் மெல்லத் திருப்பினாள். டிரைவர் இருக்கையில், இன்னும் முகம் வரையாத சாம்பல் நிற பொம்மை ஒன்று உட்கார்ந்திருந்தது.

"மீதி முப்பத்தெட்டு செகண்ட் டிரைவர் என்ன பண்றாருன்னு சொல்லுங்க சார்," என்றாள். "அதையும் வரையணும்."