தட்டணுவின் சந்தேகம்

பிலோமினா என்ற நோயாளியின் வலது கை ரத்தநாளத்துக்குள் தடித்த மருந்துக் குழாய் ஒன்று வந்து படுத்தது. ரத்தத்தோடு போய்க்கொண்டிருந்த தட்டணு ஒன்று அதைப் பார்த்துத் தயங்கியது. காயம் பட்ட இடத்தை அடைப்பதுதான் தட்டணுவின் வேலை. முன்பின் தெரியாத எதையும் அது நம்பாது.

"யார் நீ?"

"மருந்து கொண்டுவருகிறேன். எனக்குள் மூன்று பாதைகள் இருக்கின்றன," என்றது குழாய் பெருமையாக.

"இவளுக்கு ஒரே மருந்துதானே? மற்ற இரண்டும் எதற்கு?"

"இருக்கட்டுமே, எப்போதாவது உதவும்," என்றது குழாய். தட்டணு அங்கேயே நின்றுவிட்டது.

குழாய் பாதி வழியை அடைத்திருந்ததால் ரத்தம் ஊர்ந்துதான் போனது. பின்னால் வந்த தட்டணுக்களுக்கும் நின்று விசாரிக்க நேரம் கிடைத்தது.

"இங்கே காயமா?" என்றது ஒன்று.

"இல்லாவிட்டால் இத்தனை பேர் ஏன் நிற்கிறோம்?" என்றது இன்னொன்று.

எல்லாம் குழாயைப் பற்றிக்கொண்டன. பிறகு ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. ரத்தம் அங்கே உறைந்தது. பிலோமினாவின் கை வீங்கி வலித்தது.

மருத்துவர் அந்தக் குழாயை எடுத்தார். உறைவு பெருகாமலிருக்க மருந்து கொடுத்தார். இடது கையில் ஒற்றைப் பாதை உள்ள, மெல்லிய, வழவழப்பான குழாயைப் போட்டார்.

அந்தப் பக்கம் வந்த தட்டணு ஒன்று அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தது. "இவனைப் பார்த்தால் உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?" என்று பக்கத்தில் வந்த தட்டணுவிடம் கேட்டது.

கேட்டு முடிப்பதற்குள், தடையின்றி ஓடிய ரத்தத்தோடு இரண்டும் இதயத்துக்கே வந்து சேர்ந்திருந்தன.