டோன்ட் மைண்ட்

"மூணு கடிதம் போட்டேன். ஒண்ணுக்காவது பதில் உண்டா?" ஜில்லியன் கையுறைகளைக் கழற்றி மேசைமேல் எறிந்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்தார் மாமனார் ஆர்ச்சி புகன். நாற்பது வருடம் வடகடலில் மீன்பிடிக் கப்பல் ஓட்டியவர். "ஐ டோன்ட் மைண்ட், பொண்ணே" என்றார்.

அவளுக்குக் காது மடல் சூடேறியது. தெற்கே கென்ட்டிலிருந்து வடகோடியில் இருக்கும் பீட்டர்ஹெட்டுக்கு இரண்டு ரயில், ஒரு பஸ். பேரனின் ஞானஸ்நானத்துக்கு ஏன் வரவில்லை என்று முகத்துக்கு நேரே கேட்கத்தான் இத்தனை தூரம் வந்திருந்தாள்.

"சர்ச்சுல முதல் வரிசையில உங்க இடம் காலியாக் கிடந்துச்சு. உங்க மகன் வாசலையே பாத்துட்டு நின்னான். பாதிரியாரை அரை மணி நேரம் காக்க வச்சோம்."

"ஐ டோன்ட் மைண்ட்."

கிழவர் எழுந்து போய் டீ கலந்து கொண்டுவந்து அவள் முன் வைத்தார். முதலில் வைத்த கோப்பை அங்கேயே தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது. வாயை அடைக்கத்தான் இன்னொன்று என்று நினைத்தாள்.

"குழந்தைக்கு உங்க பேரைத்தான் வச்சிருக்கோம். ஆர்ச்சின்னு. அதுவாவது தெரியுமா?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "டோன்ட் மைண்ட்..."

"கல்யாணத்தன்னிக்கு என் கையைப் பிடிச்சு, நீ எனக்கு மகள்னு சொன்ன வாயா இது? நான் வேண்டாம்னா போகட்டும். அந்தப் பச்சைக்குழந்தை உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?"

குரல் உடைந்தது. இந்த மனிதர் முன்னால் அழுகிறோமே என்று அதற்கும் சேர்த்து ஆத்திரம் வந்தது.

பின்கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு ஐனா சூப் பாத்திரத்துடன் வந்தாள். "தெருக்கோடி வரைக்கும் கேக்குதும்மா உன் சத்தம்."

"கேக்கட்டும். பேரன் விசேஷத்துக்கு ஏன் வரலைன்னு கேட்டா, திரும்பத் திரும்ப 'டோன்ட் மைண்ட்'ங்கிறார். வராததுல அவருக்கு ஒரு வருத்தமும் இல்லையாம்."

ஐனா பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். திரும்பாமலே பேசினாள். "உங்க பக்கத்து இங்கிலீஷ்ல அப்படித்தான் அர்த்தம். எங்க ஊர்ப் பேச்சுல 'மைண்ட்'னா வேற."

"வேறன்னா?"

"ஞாபகம். டோன்ட் மைண்ட்னா, ஞாபகம் இல்லைன்னு அர்த்தம்."

ஜில்லியன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "இல்லையே. வாராவாரம் மகன்கிட்ட போன்ல நல்லாத்தானே பேசுறார்."

"அஞ்சு நிமிஷம் காத்து, மழைன்னு பேசினா யாருக்குத் தெரியும்?"

ஆர்ச்சி தன் கைக்குட்டையை எடுத்து, மடிப்பைப் பிரித்து, ஜில்லியனிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு ஐனாவின் பக்கம் சாய்ந்து, ஜில்லியனுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தினார்.

"பாவம், யாரு ஐனா இந்தப் பொண்ணு?"