தினம் இரண்டு பேர்

‘இணைப்புத் தர ஆய்வாளர்’ என்று மேசையில் பலகை வைத்திருப்பவர், ‘எங்கள் லிங்க்கை உங்கள் பக்கத்தில் போடுங்கள்’ என்று இணைப்பு கேட்டு வரும் ஒரு வலைத்தளத்துக்கு ஒதுக்குவது பதினைந்தே நொடி. திறக்கிறார், உதட்டைப் பிதுக்குகிறார், தள்ளுகிறார். மதிய வெயில் திரையின் தூசியைக் காட்டிக்கொடுக்கிறது. அடுத்து வருவது, தினம் ஒரு மேகத்தைப் படம் பிடித்துப் போடும் தளம். ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனுடையது. விண்ணப்பத்தில் ஒரு குறிப்பு: “தம்பி, உன் இணைப்பை என் பக்கத்துல போட்டுட்டேன். என்னோடதை உன் பக்கத்துல போடுவியாடா?” பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்க்கிறாள். “தினம் ரெண்டே பேர்தான் வர்றாங்க சார். ஈ ஓட்டுற கடை, தள்ளுங்க.” பழக்கதோஷம், விரல் ‘நிராகரி’யை அழுத்திவிடுகிறது. ‘தங்கள் தளத்துக்குப் பார்வையாளர்கள் போதாது’ என்ற ஆயத்தப் பதில் அண்ணனுக்குப் போயே விடுகிறது. “யாரு சார் அந்த ரெண்டு புண்ணியவான்?” என்று சிரிக்கிறாள் அவள். ஒருவர் அண்ணன். மற்றவர், இன்று காலையும் அந்த மேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.