மா ஓயா வரை

"கனடா ஆறுகளில ஸ்டீல்ஹெட் மீன் பிடிச்ச ஆள் எண்டுதானே சொன்னீர் தம்பி? தூண்டிலில ஒரு புழுவைக் கோர்க்க ஏன் இவ்வளவு தடுமாறுறீர்?"

மாமனார் பற்றிக்கின் கேள்விக்கு மருமகன் பிரியந்தன் சிரித்துச் சமாளித்தான். "அங்கத்தைய புழு வேற மாமா."

கொட்டாஞ்சேனைக்காரரான பற்றிக், கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடலில் தூண்டில் போடுவதென்றால் அவரைத்தான் கேட்க வேண்டும். ஆற்றுப் பக்கம் போனதே இல்லை. இன்று காலை மகள் ரொஷேல்தான் இருவரையும் வாசல்வரை வந்து தள்ளாத குறையாக அனுப்பி வைத்தாள்.

"ஒரு நாளாவது மாமாவும் மருமகனுமா எங்கயாவது போங்கோ. என்ட வயித்தையும் முகத்தையும் பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ அப்பா."

வத்தளையில் களனி ஆற்றங்கரையில் ஒழுங்காக உட்காரக்கூட இல்லை, பிரியந்தனின் போன் அடித்தது. தள்ளிப் போய்க் கதைத்துவிட்டு வந்தான்.

"இங்க சரிவராது மாமா. தண்டுகம் ஓயா ஆத்துக்குப் போவம்."

"மீன் வர முதல் நீர் எழும்பி ஓடினா எப்பிடி?"

தண்டுகம் ஓயாவிலும் அதே கதைதான். மிதப்புக் கட்டை தண்ணீருக்குள் போனது. பிரியந்தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பற்றிக் எட்டிப் பிடிப்பதற்குள் மீன் புழுவோடு போய்விட்டது.

"போதும், வீட்டுக்குப் போவம்."

"இன்னும் ஒரு ஆறு இருக்கு மாமா. மா ஓயா. நீர்கொழும்பு தாண்டினா வந்திடும்."

பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். வெயில் படுமென்று தன் தொப்பியைக் கழற்றி மாமாவின் தலையில் வைத்தான். அந்த அன்பைப் பார்த்து அவரும் காரில் ஏறினார்.

மா ஓயாவில் மறுபடி போன். காற்று அவன் பேச்சை இவர் பக்கம் கொண்டுவந்தது.

"இல்லை, அவருக்கு இன்னும் ஒண்டும் தெரியாது."

பற்றிக்கின் நினைவு மகளிடம் ஓடியது. தாயில்லாமல் வளர்த்த ஒரே பிள்ளை. அவர் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"ஆர் தம்பி அது? என்ட பிள்ளைக்குத் தெரியாம ஆரோட கதைக்கிறீர்?"

"மாமா, கொஞ்சம் பொறுங்கோ..."

"காலமையில இருந்து பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறன். இப்ப சொல்லும்."

அவன் வாய் திறப்பதற்குள் போன் திரும்ப அடித்தது. இந்தத் தடவை அவன் தள்ளிப் போகவில்லை. காதில் வைத்துக் கேட்டான். அப்படியே மணலில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

பற்றிக்கின் கோபம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் குந்தி அவன் தோளைப் பிடித்தார்.

"என்ன தம்பி? என்ன நடந்தது?"

"எங்களுக்கு மகள் பிறந்திருக்கிறா மாமா. தாயும் பிள்ளையும் நல்ல சுகம். உங்கட தங்கச்சி பேர்ணடெற் மாமிதான் ஆஸ்பத்திரியில கூட நிக்கிறா."

"டொக்டர் அடுத்த கிழமை எண்டல்லோ சொன்னவர்? நீர் அங்க நிக்காம இங்க என்னோட என்ன செய்யிறீர்?"

"விடியவே பிரசவ நோ தொடங்கிட்டுது மாமா. ரொஷேல்தான் என்னை அனுப்பினவ. 'நான் பிறக்கேக்க லேபர் ரூம் கதவுக்கு வெளியில நிண்டுதான் அப்பா அம்மாவைப் பறிகுடுத்தவர். இன்னொருக்கா அவரை அங்க நிக்க விடாதேங்கோ' எண்டு."