பதினான்காவது கேள்வி

பதினான்காவது கேள்வியில் அவள் நின்றுவிட்டாள்.

முதல் பதின்மூன்றும் சுலபம். மனநல மையத்தின் பெயர், ஊர், பதிவு எண், எத்தனை பேர் வருகிறார்கள். இராஜபாளையத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இரண்டு அறைகள். செவ்வாயும் வெள்ளியும் முப்பத்துநான்கு பேர். மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து மருத்துவர். எழுதிக்கொண்டே போனாள்.

பதினான்காவது ஒரே வரி. ஆங்கிலம் சட்டென்று பிடிபடவில்லை. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தாள்.

‘உங்கள் அறங்காவலர்களில் வாழ்ந்த அனுபவம் உள்ளவர் யாரேனும் உண்டா?’

மறுபடி படித்தாள்.

வாழ்ந்த அனுபவம் இல்லாதவர் யார்?

மணி மூன்றேகால். விண்ணப்பத்தை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். ஏற்கெனவே நான்கு இடங்களில் கையை விரித்துவிட்டார்கள். இந்த நிதியும் வராவிட்டால் மார்ச்சோடு மையத்தை மூட வேண்டியதுதான். அந்த முப்பத்துநான்கு பேரில் பலருக்கு, வீட்டை விட்டால் வந்து உட்கார வேறு இடம் இல்லை.

நிதி தரும் அறக்கட்டளையின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். பெங்களூரிலிருந்து ஒரு பெண் பேசினாள். நல்ல தமிழ். பொறுமையானவள்.

“மனநோய் வந்து, அதை அனுபவிச்சவங்க உங்க டிரஸ்டிங்கள்ல இருந்தா ‘ஆம்’னு போடுங்க மேடம். அதுக்குப் பத்து மார்க்.”

“வந்திருந்தாவா?”

“ஆமா மேடம். வந்திருந்தா பிளஸ். பேரும் வருஷமும் வேணும். எங்க வெப்சைட்லயும் போடுவோம்.”

நன்றி சொல்லி வைத்தாள்.

ஒன்றும் புரியவில்லை. புரிந்தது, அதுதான் புரியவில்லை.

அவளுடைய இருபத்திரண்டு வயதில் மதுரையில் ஒரு மனநல மருத்துவமனை. ஏழு வாரம். ஊரில் அப்பா டைபாய்டு என்று சொல்லிவைத்தார். பெண் பார்க்க வந்தவர்களிடமும் டைபாய்டு. கணவனுக்கு இன்றுவரை டைபாய்டு.

வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு படிவம். காப்பீட்டுக்கு ஒரு படிவம். இதே கேள்வி வேறு வேறு வார்த்தைகளில் வந்தது. எல்லாவற்றிலும் ‘இல்லை’ என்று போட்டாள். தயங்காமல் போடப் பழகிக்கொண்டாள்.

இப்போது ஒரு படிவம், ‘ஆம்’ என்றால் மார்க் என்கிறது.

சிரிப்பு வந்தது.

சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு நோய், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று மையத்தில் வாய் ஓயாமல் சொல்கிறாள். வருகிறவர்கள் நம்பினார்கள். சொன்னவள் நம்பியிருந்தாளா?

கணவன் வெப்சைட் எல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. அவனுடைய தங்கை பார்ப்பாள். வீட்டில் மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சிவஞானம் சாரைக் கூப்பிட்டாள். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். அவளைத் தவிர மையத்துக்கு இருக்கும் ஒரே அறங்காவலர். ஆறு வருடமாகக் கூட்டத்துக்கு வருவார், காட்டிய இடத்தில் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், காபி வேண்டாம் என்பார். வேறு பேச்சு கிடையாது.

கேள்வியைச் சொன்னாள். அந்தப் பெண் விளக்கியதையும், பத்து மார்க்கையும், வெப்சைட்டில் பேர் வரும் என்பதையும் சொன்னாள்.

“இல்லைன்னே போட்டுருங்கம்மா.”

யோசிக்கக்கூட இல்லை அவர்.

‘இல்லை’ என்று போட்டாள். வந்தது நிம்மதியா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. அனுப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

நாலு மணிக்கு அவரே கூப்பிட்டார்.

“அனுப்பிட்டீங்களா?”

இன்னும் இல்லை என்றாள்.

“ஆம்னு மாத்துங்க. என் பேரை எழுதிக்கோங்க.”

அவளுக்கு எதுவும் ஓடவில்லை. மார்க்குக்காகச் சொல்கிறாரா? பொய்யில் கையெழுத்துப் போடுகிறவர் இல்லையே. அப்படியானால் நிஜமா? நிஜமா என்று எப்படிக் கேட்பது?

எந்த வருடம் என்று கேட்டிருக்கிறார்கள் என்றாள்.

“எண்பத்தொம்பது. ஆடி மாசம்.”

அவரே தொடர்ந்தார்.

“ஆபீசுக்கு வர்ற லெட்டர் ஒவ்வொண்ணும் என்னைப் பத்தித்தான் எழுதியிருக்குன்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. பிரிச்சுப் பார்த்ததில்ல. தொடவே பயம். மூணு மாசம் லீவு போட்டேன்.”

வீட்டில் தெரியுமா என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாதோ என்றும் பட்டது.

“என் சம்சாரத்துக்குத் தெரியும். அவதான் போய்ச் சேர்ந்துட்டாளே. பசங்களுக்குத் தெரியாது.” பிறகு, “பார்த்தா பார்க்கட்டும்.”

அவள் ‘ஆம்’ என்று மாற்றி டைப் அடித்தாள். சிவஞானம். 1989.

கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பத்து மார்க்கும் வந்துவிடும். இனி அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. எழுந்து முகம் கழுவிவிட்டு அனுப்பலாம்.

எழவில்லை.

தப்பித்தோம் என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை. திரையில் அந்த ஒற்றைப் பெயரைப் பார்க்கப் பார்க்க, ஆறு வருடமாக எதிர் நாற்காலியில் அவர் தனியாக உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

அவர் பெயருக்குக் கீழே இன்னொரு கட்டம் காலியாக இருந்தது.

“முடிஞ்சுதாம்மா?” இன்னும் லைனில் இருந்த அவர் கேட்டார்.

“இல்ல சார்,” என்றாள். “இன்னொரு பேர் இருக்கு.”

யாரென்று அவர் கேட்கவில்லை.

போனை வைக்கவும் இல்லை.